சம்பளம் ஏறினால் உதவித்தொகை இறங்க வேண்டுமா?

(குறைந்தபட்சச் சம்பளமும் அரசாங்க உதவியும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் தொழிலாளர் தரப்பில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இன்றைய தலைப்பை இருவர் இரண்டு விதமாகப் பிடித்துக் கொண்டார்கள். ஐயா சொன்னார்: "சம்பளத்தை இப்படி ஏற்றிக் கொண்டே போனால் சிறு வியாபாரி கடையை மூட வேண்டியதுதான். ஏழைகளுக்கு உதவ வேண்டுமானால் அரசாங்கம் உதவட்டும், எங்கள் கல்லாவில் கை வைக்காதீர்கள்." தம்பி சொன்னார்: "சம்பளம்தான் ஏறிவிட்டதே, இனி உதவித்தொகையையும் மானியத்தையும் படிப்படியாகக் குறைக்கலாம், அந்தப் பணத்தைப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் திருப்பி விடலாம்." ஒருவர் உதவியைக் காட்டிச் சம்பளத்தைத் தடுக்கிறார். மற்றவர் சம்பளத்தைக் காட்டி உதவியைத் தடுக்கிறார். இருவர் பேச்சையும் கூட்டிப் பார்த்தால், நடுவில் நிற்கும் தொழிலாளிக்கு இரண்டும் கிடைக்காது!

சம்பளம் செய்யும் வேலையை உதவித்தொகையால் செய்ய முடியாது. உதவித்தொகை செய்யும் வேலையைச் சம்பளத்தால் செய்ய முடியாது. ஒன்றைக் கொடுத்ததற்காக மற்றொன்றைக் குறைப்பது நியாயம் ஆகாது. இதுதான் என் வாதம். இதைக் கணக்கோடு சொல்ல முயற்சி செய்கிறேன்.

கடந்து வந்த பாதை

குறைந்தபட்சச் சம்பளம் இந்த நாட்டில் திடீரென்று முளைத்ததல்ல. 1947-ஆம் ஆண்டிலேயே சம்பள மன்றச் சட்டம் வந்தது. ஆனால் அது கடைச் சிப்பந்திகள், தங்கும் விடுதி ஊழியர்கள், திரையரங்கு ஊழியர்கள், பினாங்குத் துறைமுகச் சுமை தூக்குவோர் என்று ஒரு சில துறைகளோடு நின்றுவிட்டது. நாடு முழுமைக்கும் ஒரு சம்பளம் என்பது 2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டத்திற்குப் பிறகுதான் வந்தது. தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்று கேட்ட பிறகு வந்த சட்டம் அது.

2013 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா, சரவாக்கில் 800 வெள்ளி. 2016 ஜூலையில் 1,000 வெள்ளியும் 920 வெள்ளியும். 2019-இல் நாடு முழுவதும் ஒரே அளவாக 1,100. 2020 பிப்ரவரியில் மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் மட்டும் 1,200. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரியில் ஐந்து பேருக்கு மேற்பட்டும் ஐந்து பேராகவும் வேலைக்கு வைத்திருப்போருக்கு 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருப்போருக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்து 2025 ஆகஸ்டு முதல் அதே 1,700.

பன்னிரண்டு ஆண்டுகளில் தீபகற்பத்தில் 900-லிருந்து 1,700. ஏறக்குறைய 90 விழுக்காடு உயர்வு. "பார்த்தீர்களா, எவ்வளவு ஏற்றம்!" என்று ஐயா சொல்லக்கூடும். ஆனால் தொடங்கிய இடம் எவ்வளவு தாழ்வானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழிக்குள் நிற்பவன் ஓரடி ஏறினால் அவன் மாடிக்கு வந்துவிட்டான் என்று சொல்ல முடியுமா?

பயம் காட்டியது நடந்ததா?

2012-இல் இந்தச் சட்டம் அறிவிக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழப்பார்கள், சிறு தொழில்கள் அழியும் என்று பேசப்பட்டது. அதன் பிறகு 2019 வரை இந்நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் 3 விழுக்காட்டைச் சுற்றியே இருந்தது. 2020-இல் அது 4.5 விழுக்காட்டுக்குப் போனதற்குக் கொரோனா காரணமே அன்றி, சம்பளச் சட்டம் காரணம் அல்ல.

அதற்காக முதலாளிமாருக்குச் சுமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலையில்லாதோர் விகிதம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. ஓவர்டைமைக் குறைத்த இடங்கள் உண்டு. முழுநேர வேலையைப் பகுதிநேரமாக்கிய இடங்கள் உண்டு. அலவன்ஸை எடுத்து அடிப்படைச் சம்பளத்தில் சேர்த்து, ஏறியது போல் காட்டிய இடங்களும் உண்டு. 2013-இல் சிறு முதலாளிகளுக்கு ஆண்டு இறுதி வரை அவகாசம் தரப்பட்டது. அந்நியத் தொழிலாளர்களுக்கான லெவியை அவர்கள் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிய கதை அது.

ஐயா ஓர் உணவகக் கணக்கைச் சொன்னார். நல்லது, அந்த உணவகத்தையே எடுத்துக் கொள்வோம். உள்ளூர்த் தொழிலாளர்கள் நால்வர், 1,500 வெள்ளி வாங்கிக் கொண்டிருந்தவர்கள். ஆளுக்கு 200 வெள்ளி ஏறுகிறது. அதற்கு முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 26 வெள்ளி. சொக்சோ, வேலைக் காப்புறுதி எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4 வெள்ளி. ஆக ஒருவருக்கு 230 வெள்ளி, நால்வருக்கு மாதம் 920 வெள்ளி. 26 நாட்களுக்கு வகுத்தால் நாளுக்கு 35 வெள்ளி சொச்சம். அந்தக் கடைக்கு நாளுக்கு 150 பேர் வந்தால், ஒரு வாடிக்கையாளருக்கு 24 காசு.

இந்த 24 காசு சுமையா? சுமைதான். வாடகை ஏறி, மின்கட்டணம் ஏறி, கடைசியாக இதுவும் வந்து சேரும்போது சிறு கடைக்காரர் முனகுவதில் நியாயம் இருக்கிறது. அந்த 24 காசை விலையில் ஏற்றினால், அங்கே வந்து ரொட்டி சானாய் சாப்பிடுபவரும் 1,700 வெள்ளிக்காரராக இருக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் கடையை மூடும் அளவுக்கான கணக்கு இது அல்ல. அரிசி விலை ஏறும்போது, எண்ணெய் விலை ஏறும்போது, கடைக்காரர் அரிசி வியாபாரியிடம் போய் "உன் அரிசிக்குப் பழைய விலைதான் தருவேன், மீதியை அரசாங்கத்திடம் வாங்கிக் கொள்" என்று சொல்வதில்லையே! மனித உழைப்பு ஒன்றுக்கு மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

தோட்டம் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம்

குறைந்த கூலியும் அதற்குப் பதிலாகச் சலுகையும் என்ற ஏற்பாடு நம் சமுதாயத்திற்குப் புதிதல்ல. நம் தாத்தா பாட்டிமார் அதில்தான் வாழ்ந்தார்கள். தோட்டத்தில் நாட்கூலி. ரப்பர் விலை ஏறினால் கொஞ்சம் ஏறும், விழுந்தால் இறங்கும். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. கூலி போதவில்லையே என்று கேட்டால் என்ன பதில் வந்தது? "லயத்து வீடு கொடுத்திருக்கிறோம், தண்ணீர் கொடுத்திருக்கிறோம், பிள்ளை மடுவம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, இதையெல்லாம் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்."

சரி என்று சேர்த்துக் கொண்டோம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாக மாறின. அன்றைக்கு லயத்து வீடு போயிற்று, பிள்ளை மடுவம் போயிற்று. கையில் எது மிஞ்சியது? சேமநிதிப் பணம்தான். அந்தச் சேமநிதி எதைக் கொண்டு கணக்கிடப்பட்டது? சம்பளத்தைக் கொண்டு. கூலி குறைவாக இருந்ததால் சேமநிதியும் குறைவாகவே இருந்தது. லயத்து வீட்டுக்குச் சேமநிதி கிடையாது. இலவசத் தண்ணீருக்குச் சேமநிதி கிடையாது. முப்பது ஆண்டு உழைத்தவர்கள் நகர்ப்புறத்துக்கு வந்து வாடகை வீட்டில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்றும் அதே கணக்குதான், நேயர்களே. சம்பளத்தில் 200 வெள்ளி ஏறினால் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 48 வெள்ளி சேமநிதிக்குப் போகிறது. ஆண்டுக்கு 576 வெள்ளி, அதற்கு மேல் லாப ஈவு. அரசாங்கம் அதே 200 வெள்ளியை உதவியாகக் கொடுத்தால் சேமநிதிக்கு ஒரு காசும் போகாது. விபத்து நேர்ந்தால் சொக்சோ கொடுக்கும் தொகையும் சம்பளத்தைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ஆகவே ஐயா சொல்வது போல், சம்பளத்தை நிறுத்திவிட்டு உதவியை மட்டும் கொடுத்தால், இன்றைய தொழிலாளி இன்றைக்குச் சாப்பிடுவார். அறுபது வயதில் மீண்டும் உதவிக்கு வரிசையில் நிற்பார்.

இன்னொன்று. உதவித்தொகையின் பெயரைப் பாருங்கள். 2012-இல் பிரிம் என்று தொடங்கியது. மூவாயிரம் வெள்ளிக்குக் கீழ் வருமானம் பெற்ற குடும்பத்திற்கு 500 வெள்ளி. பிறகு பந்துவான் சாரா ஹிடுப். பிறகு பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட். 2022-இல் பந்துவான் கெலுவார்கா மலேசியா. 2023-இலிருந்து சும்பாங்கான் துனாய் ரஹ்மா, சுருக்கமாக எஸ்.டி.ஆர். ஆட்சி மாறினால் பெயர் மாறும், தொகை மாறும், நிபந்தனை மாறும். சம்பளம் அப்படி அல்ல. அது சட்டம். அதை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வு செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சம்பளத்தால் எட்ட முடியாத இடங்கள்

இனித் தம்பியின் வாதத்திற்கு வருகிறேன். சம்பளம் ஏறிவிட்டது, உதவியைக் குறைக்கலாம் என்கிறார்.

தம்பி, 1,700 வெள்ளி என்பது யாருக்கு? முதலாளி ஒருவரிடம் வேலை ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சொந்தமாகப் பலகாரம் செய்து விற்கும் அம்மாவுக்குப் பொருந்தாது. பழைய இரும்பு எடுப்பவருக்குப் பொருந்தாது. படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைப் பார்த்துக் கொள்வதற்காக வேலையை விட்ட மருமகளுக்குப் பொருந்தாது. எழுபது வயது தாத்தாவுக்கு எந்த முதலாளி 1,700 கொடுப்பார்? சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 500-லிருந்து 600 வெள்ளியாக உயர்ந்தது. அந்த 600 வெள்ளிதான் பல முதியவர்களின் முழு வருமானம். அங்கே சம்பள உயர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, வேலையில் இருப்பவர்களுக்காவது 1,700 போதுமா? 2018-இல் பேங்க் நெகாரா ஒரு கணக்கை வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டின் விலைவாசியில், கோலாலம்பூரில் தனி ஆள் ஒருவர் ஓரளவு மரியாதையாக வாழ மாதம் 2,700 வெள்ளி வேண்டும். பிள்ளை இல்லாத கணவன் மனைவிக்கு 4,500 வெள்ளி. இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு 6,500 வெள்ளி. இது தொழிற்சங்கம் போட்ட கணக்கு அல்ல. நாட்டின் மத்திய வங்கி போட்ட கணக்கு. கணவனும் மனைவியும் ஆளுக்கு 1,700 வாங்கினால் 3,400. 2016-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே, பிள்ளை இல்லாத தம்பதிக்குச் சொன்ன தொகையை அது எட்டவில்லை. அதன் பிறகு விலைவாசி எங்கே போயிருக்கிறது என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கோடு நகரவில்லை என்றால் அதுவும் வெட்டுதான்

இப்போது நான் சொல்லப் போவதை நேயர்கள் ஒரு தாளில் குறித்துக் கொள்ளலாம். ஏனென்றால் இது பல வீடுகளில் நடக்கிறது. ஆனால் அறிவிப்பு எதுவும் வருவதில்லை.

2025-ஆம் ஆண்டின் எஸ்.டி.ஆர். திட்டத்தில் குடும்பங்கள் இரண்டு தட்டாகப் பிரிக்கப்பட்டன. மாத வருமானம் 2,500 வெள்ளி வரை ஒரு தட்டு. 2,501 முதல் 5,000 வரை இன்னொரு தட்டு. மூன்று அல்லது நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்திற்கு முதல் தட்டில் ஆண்டுக்கு 2,000 வெள்ளி. இரண்டாம் தட்டில் 1,000 வெள்ளி. கோட்டைத் தாண்டினால் சரிபாதி.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். மூன்று பிள்ளைகள். கணவர் தொழிற்சாலையில் 1,500 வெள்ளி. மனைவி பகுதிநேர வேலையில் 900 வெள்ளி. மொத்தம் 2,400. முதல் தட்டு, 2,000 வெள்ளி உதவி. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ஆனதும் குடும்ப வருமானம் 2,600 ஆகிறது. கோட்டைத் தாண்டிவிட்டார்கள். சம்பளத்தில் ஆண்டுக்கு வந்தது 2,400 வெள்ளி. அதில் சேமநிதிக்கு அவர் பங்காகப் போனது 264 வெள்ளி. அது அவர் பணம்தான், ஆனால் கைக்கு வராது. உதவித்தொகையில் குறைவது 1,000 வெள்ளி. கையில் மிஞ்சுவது 1,136 வெள்ளி. 2,400 ஏறியது என்று பத்திரிகையில் படித்தார். வீட்டுக்கு வந்தது அதில் பாதிக்கும் குறைவு.

சம்பளம் ஏறியது தவறு என்று இதற்குப் பொருள் அல்ல. 1,136 வெள்ளி லாபம் லாபம்தான், சேமநிதியும் கூடியிருக்கிறது. ஆனால் முதலாளி கொடுத்த உயர்வில் ஆயிரம் வெள்ளி, தொழிலாளியின் வீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிக் கருவூலத்துக்குப் போய்விடுகிறது. முதலாளி தம் கடமையைச் செய்கிறார், பலனில் ஒரு பங்கை அரசாங்கம் எடுத்துக் கொள்கிறது. ஐயா, இந்த இடத்தில் நீங்களும் நானும் ஒரே பக்கம் நின்று குரல் கொடுக்கலாம்!

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த 2,500 என்ற கோடு 2022-ஆம் ஆண்டின் உதவித் திட்டத்திலும் இருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நகர்ப்புறக் குறைந்தபட்சச் சம்பளம் 1,200. கணவன் மனைவி இருவரும் அந்தச் சம்பளத்தில் இருந்தால் 2,400; முதல் தட்டில் இருந்தார்கள். 2025-இல் அதே இருவர், அதே வேலை, அதே நாற்காலி, வருமானம் 3,400. கோடு நகரவில்லை, சம்பளம் நகர்ந்தது. யாரும் எந்த உதவியையும் வெட்டியதாக அறிவிக்கவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் உதவி பாதியாகிவிட்டது. விலைவாசி ஏறி, சம்பளம் ஏறி, கோடு மட்டும் அங்கேயே நின்றால், அதுவும் ஒரு வெட்டுதான். சத்தம் போடாத வெட்டு.

கோடு நகராமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு ஒரு முறை பார்த்திருக்கிறது. 2016-இல் நம் வறுமை விகிதம் வெறும் 0.4 விழுக்காடு என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. அன்றைய வறுமைக் கோடு, குடும்பத்திற்கு மாதம் 980 வெள்ளி. 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், அந்தக் கோடு நடைமுறை வாழ்க்கைக்குப் பொருந்தாது என்று கூறினார். முதலில் மறுப்பு வந்தது. பிறகு 2020-இல் கோடு 2,208 வெள்ளியாக மாற்றப்பட்டது. உடனே 2019-ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 5.6 விழுக்காடு ஆயிற்று. ஒரே இரவில் மக்கள் ஏழையாகிவிடவில்லை. ஏழைகளாக இருந்தவர்களைத் தாள் அதுவரை பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மானியமும் அடையாள அட்டையும்

மானியக் குறைப்பைப் பற்றியும் தம்பி பேசினார். கோழிக்கான மானியம் 2023 நவம்பரில் நின்றது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15-லிருந்து 3.35 வெள்ளி ஆனது. முட்டைக்கான மானியம் 2025 ஆகஸ்டில் முடிந்தது. பெரிய கார் வைத்திருக்கும் செல்வந்தருக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் ஒரே மானியம் கொடுப்பது சரியில்லை என்ற வாதத்தை நான் ஏற்றுக் கொள்கிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். அளந்து போடட்டும். ஆனால் அளக்கிற படி சரியாக இருக்க வேண்டாமா?

விலையில் கொடுக்கும் மானியம் கேள்வி கேட்காமல் எல்லாருக்கும் போய்ச் சேரும். அதை எடுத்துவிட்டுப் பெயர்ப் பட்டியலில் கொடுத்தால், பட்டியலில் இருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். சாரா உதவி மைகார்டு வழியாக வருகிறது. 2025 ஆகஸ்டு 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளி அந்த வழியில்தான் தரப்பட்டது. 2025 செப்டம்பர் 30 முதல் வந்த 1.99 வெள்ளி பெட்ரோலும் குடிமக்களுக்கே. நல்ல திட்டங்கள்தாம். ஆனால் நம்மிடையே இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பாட்டிமார் எத்தனை பேர்? பிறப்புப் பத்திரம் எடுக்கத் தவறியதால் நீல அட்டை இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர்? முட்டை விலை ஏறினால் அவர்களுக்கும் ஏறுகிறது. ஈடாக வரும் உதவி அவர்களுக்கு வருவதில்லை. குறைந்தபட்சச் சம்பளமோ அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை; அந்நியத் தொழிலாளிக்கும் அது பொருந்தும். சம்பளமும் உதவியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

என்ன செய்ய வேண்டும்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது மேடைக்கு அழகல்ல. நான்கு கோரிக்கைகளை முன் வைக்கிறேன்.

முதலாவது, குறைந்தபட்சச் சம்பளம் மறுஆய்வு செய்யப்படும் அதே நேரத்தில் உதவித்தொகைக்கான வருமான வரம்பும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும். சம்பளம் ஓரடி நகர்ந்தால் கோடும் கூடவே நகர வேண்டும்.

இரண்டாவது, கோட்டைத் தாண்டியதும் சரிபாதி வெட்டு என்ற முறை மாற வேண்டும். வருமானம் நூறு வெள்ளி ஏறினால் உதவி கொஞ்சம் குறையட்டும், இன்னொரு நூறு ஏறினால் இன்னும் கொஞ்சம். படிக்கட்டில் இறங்குவது போல் இருக்க வேண்டும். பள்ளத்தில் விழுவது போல் இருக்கக்கூடாது. ஒரு வெள்ளி அதிகம் வாங்கியதால் ஆயிரம் வெள்ளி போகும் என்றால், மனைவி பகுதிநேர வேலைக்குப் போகவே யோசிப்பார்.

மூன்றாவது, ஐயா சொன்ன சிறு கடைக்காரர்களுக்கு உண்மையாகவே கை கொடுக்க வேண்டும். அவகாசம் மட்டும் போதாது. சம்பள உயர்வின் முதல் ஆண்டில் முதலாளியின் சேமநிதிப் பங்கில் ஒரு பகுதியை அரசாங்கம் ஏற்கலாம். அப்படிக் கொடுக்கும் பணம் தொழிலாளியின் சேமிப்பாகவே போய்ச் சேரும்.

நான்காவது, பட்டியலில் விடுபட்டவர்களைத் தேடிப் போக வேண்டும். இணையத்தில் மனுச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்கு அது போய்ச் சேராது.

நேயர்களுக்கும் இரண்டு வார்த்தை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 1,700 என்பது அடிப்படைச் சம்பளம். வருகை அலவன்ஸ், பயண அலவன்ஸ், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து 1,700 வந்தால் அது குறைந்தபட்சச் சம்பளம் அல்ல. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யும் நாட்கூலிக்காரருக்கு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு, மணிக்கணக்கில் என்றால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு. அதற்குக் குறைந்தால் முதலில் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் இல்லை என்றால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்பவரிடம் சம்பளச் சீட்டு இருந்தால்தான் புகார் நிற்கும். ஆகவே சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் வையுங்கள்.

அதே போல, உதவித்தொகைக்கான விவரத்தை ஆண்டுதோறும் சரிபாருங்கள். பிள்ளை பிறந்திருக்கலாம், கணவர் வேலை இழந்திருக்கலாம், பெற்றோர் உங்களோடு வந்து சேர்ந்திருக்கலாம். பழைய விவரத்தோடு இருந்தால் பழைய தொகைதான் வரும். மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். நிராகரித்தது கணினி, அதை மறுபடி பார்க்கச் சொல்வதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவைத் தலைவர் மணியடிக்கப் போகிறார். முடித்துக் கொள்கிறேன். சம்பளம் என்பது உழைப்புக்கு முதலாளி தரும் விலை. உதவி என்பது, உழைக்க முடியாதவருக்கும் உழைத்தும் போதாதவருக்கும் ஒரு நாடு செய்யும் கடமை. விலையைக் கொடுத்துவிட்டதால் கடமை தீர்ந்தது என்று அரசாங்கம் சொல்ல முடியாது. கடமையை அரசாங்கம் செய்கிறதே, நான் ஏன் விலை கொடுக்க வேண்டும் என்று முதலாளியும் கேட்க முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் மாதக் கடைசி வாரத்தைக் கடன் வாங்காமல் கடக்கும். 2,500 என்ற அந்தக் கோட்டை அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் நகர்த்துங்கள் என்று உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். கேட்டால்தான் நகரும்.